ஜாக்கியை நம்பலாமா?

வீட்டுப் போர்ச்சில் காரைத் தூக்கி நிறுத்த எதை வாங்குவது? பாறசாலையில் ஒரு குடும்பம் மூன்று மாதம் யோசித்த கதை.

அப்பாவின் இடது கையில் மூன்று விரல்கள்தான். 1993 துலாவர்ஷத்தில் ஓர் இரவு. நெய்யாற்றின்கரையில் சவாரியை இறக்கிவிட்டு வாடகை அம்பாசடரில் பாறசாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவருக்கு அமரவிளைப் பாலம் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். சாலையோரச் செம்மண் இரண்டு நாள் மழையில் ஊறிக் கிடந்தது. அதன் மேலேயே ஜாக்கியை வைத்தார். சக்கரம் கழன்றது. ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டப் போன நேரத்தில் ஜாக்கி சாய்ந்தது. பிரேக் டிரம் வந்து இறங்கிய இடத்தில் அவர் கை இருந்தது.

அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் டாக்சி ஓட்டினார். பழைய மாடல் வண்டி. கியர்க்கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். அதை மூன்று விரலால் மாற்றப் பழகிக்கொண்டார். "மண்ணு சதிச்சுப்போட்டு" என்று மட்டும் சொல்வார். ஜாக்கியை அவர் குறை சொன்னதே இல்லை. அவர் சொன்னது சரிதான் என்பது எனக்குப் புரிய முப்பது வருடம் ஆயிற்று.

அண்ணன் 1998இல் ஷார்ஜாவுக்குப் போனான். ஒர்க்‌ஷாப் வேலை. 2023இல் திரும்பி வந்தபோது இரண்டு முழங்காலிலும் தேய்மானம். குந்தி உட்கார முடியாது, தரையில் படுத்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். ஆனால் கை சும்மா இருக்காது. வீட்டில் அவனுடைய பழைய இன்னோவா, என் ஆல்ட்டோ, அப்பா விட்டுப்போன அம்பாசடர் என்று மூன்று வண்டிகள். அவற்றுக்கு ஆயில் மாற்றவும் பிரேக் பார்க்கவும் வீட்டிலேயே ஒரு லிஃப்ட் வேண்டும் என்றான். அங்கே இரண்டு தூணுக்கு நடுவே வண்டியைத் தலைக்கு மேல் தூக்கி, நின்றபடி வேலை பார்த்துப் பழகிய உடம்பு அது. "காரைப் பொக்காம என்ன வேலை செய்ய? லேய், நீ தமிழ் எம்.ஏ. படிச்சவன்தானே, இங்கிலீசையும் வாசிச்சு எது நல்லதுன்னு சொல்லு" என்று நாலைந்து கம்பெனிக் கையேடுகளை என் மடியில் போட்டான்.

பொக்கம் என்றால் உயரம். பொக்குவது என்றால் தூக்குவது. மலையாளத்துக்கும் குமரித் தமிழுக்கும் பொதுவான சொல். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. சொற்களின் மேல் அந்தக் கோடு விழவில்லை. ஒர்க்‌ஷாப்புகளின் மேலும் விழவில்லை. பாறசாலையில் எந்தப் பட்டறையில் நின்று பார்த்தாலும் கே.எல். 19, கே.எல். 20 வண்டிகளுக்கு நடுவே டி.என். 74, டி.என். 75 என்று நாகர்கோவில், மார்த்தாண்டம் வண்டிகளும் நிற்கும். எங்கே மலிவோ அங்கே பெட்ரோல், எங்கே நம்பிக்கையோ அங்கே மெக்கானிக்.

முதலில் போய்ப் பார்த்தது அப்படியொரு பட்டறையைத்தான். அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்க்கும் ஆசான் அங்கே இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டார். அவருடைய லிஃப்ட் ஒரு குழி. ஆறடி நீளம், ஆளுயர ஆழம், இரண்டு பக்கமும் வெட்டுக்கல் கட்டு, மேலே மூடப் பலகைகள். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ரிப்பேர் கிடையாது. நான் குழியைப் புகழ்ந்தேன். அவர் பலகையைத் தூக்கிக் காட்டினார். முழங்கால் அளவு தண்ணீர்.

"இடவப்பாதிக்கு ஒருக்கா, துலாவர்ஷத்துக்கு ஒருக்கா. வருஷத்தில பாதி நாள் இது குளமாக்கும். ஒருக்கா பாம்பும் கெடந்து."

வீட்டில் குழி வெட்டாதே என்பதற்கு அவர் சொன்ன காரணம் தண்ணீர் அல்ல. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது. கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். சமையல் எரிவாயுவும் அப்படியே. குழிக்குள் தொங்கவிட்ட பல்பு உடைந்தால் அதுவே தீப்பொறி. போதாததற்கு, எஞ்சினை ஓடவிட்டுக் குழியில் இறங்குகிறவன் கார்பன் மோனாக்சைடையும் சேர்த்து மூச்சில் இழுக்கிறான். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பட்டறையில் நாலு பேர் எப்போதும் சுற்றி நிற்கிறார்கள், ஒருவன் மயங்கினால் மற்றவன் பார்ப்பான். வீட்டில் மதிய நேரத்தில் யார் இருக்கிறார்கள்?

குழி அடிபட்டுப் போனதும் கையேடுகளைப் பிரித்தேன்.

காரைத் தூக்கும் எண்ணெய் இயந்திரங்களுக்கெல்லாம் அடிப்படை பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. அடைத்துவைத்த திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். சிறிய குழாயில் கையால் அழுத்தினால் பெரிய குழாயில் ஒரு காரே எழும்பும். 1795இல் பிரிட்டனில் பிராமா இதை வைத்து அழுத்தும் இயந்திரம் செய்தார். 1851இல் அமெரிக்காவில் டட்ஜன் கையில் தூக்கிப் போகக்கூடிய எண்ணெய் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். மெம்பிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாட்டிக்கு யோசனை தந்தது சலூன் நாற்காலி. முடிவெட்டுகிறவர் காலால் மிதிக்க, ஆளோடு நாற்காலி எழும்புகிறதே, காரை ஏன் அப்படி எழுப்பக் கூடாது என்று நினைத்தார். 1925இல் அதையே தொழிலாகத் தொடங்கினார். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் ஒற்றைக்கால் தூணில் அம்பாசடர் ஏறி நின்று குளித்த காட்சியை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது லுனாட்டியின் நாற்காலிதான்.

இந்த விதியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. அழுத்தத்தை உள்ளே பிடித்துவைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். அது தேய்ந்தாலும் வெடித்தாலும் எண்ணெய் பின்வாங்கும், கார் இறங்கும். மெல்ல இறங்கலாம், ஒரே நொடியிலும் இறங்கலாம். அதனால்தான் எந்த நாட்டுக் கையேட்டைப் பிரித்தாலும் முதல் பக்கத்தில் ஒரே எச்சரிக்கை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு வேறு ஒன்று வேண்டும். இரும்பு ஸ்டாண்ட் அந்த வேலையைச் செய்யும். அது எண்ணெயை நம்புவதில்லை. பல்லும் கொக்கியும், அல்லது துளையும் முளையும் சேர்ந்து பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். தமிழில் இதற்கு எவ்வளவு நல்ல சொல் இருக்கிறது: முட்டு. சாயும் வாழைக்கும் சரியும் சுவருக்கும் கொடுப்பது. ஆனால் பட்டறைக்குப் போய் முட்டு கேட்டால் சிரிப்பார்கள். ஸ்டாண்ட் என்றே கேளுங்கள்.

ஸ்டாண்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருள் இல்லை. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் தான் விற்ற இலட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. வார்ப்பு அச்சு தேய்ந்துபோனதால் பற்கள் ஆழமாகக் கவ்வவில்லை. மேலே வண்டி இருக்கும்போதே நழுவக்கூடும் என்று தெரியவந்தது. இன்னும் சங்கடம், மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் ஒரு வகையையும் அதே ஆண்டு ஜூலையில் வெல்டிங் குறைக்காகத் திரும்பக் கேட்டார்கள். கடுமையான விதிகளும் புகார் கேட்க ஓர் அமைப்பும் உள்ள நாட்டிலேயே இந்தக் கதி. பெயரும் எண்ணும் இல்லாமல் சாலையோரக் கடையில் பச்சை பெயின்ட் அடித்து வைத்திருக்கும் ஸ்டாண்டைப் பற்றி என்ன சொல்ல? பல்லை விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் வரி விடுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். நான்கு கால்களும் தரையில் ஒரே சமயத்தில் படுகின்றனவா என்று ஆட்டிப் பார்த்தே அண்ணன் இரண்டு ஜோடியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான்.

கையேடு மொழிபெயர்ப்பில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. மிக்சியிலிருந்து நீரிறைக்கும் மோட்டார் வரை தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆபத்து இரண்டு சின்னச் சொற்களில் இருக்கிறது. ஒன்று 'டன்'. நமக்கு ஒரு டன் 1,000 கிலோ. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. மூன்று டன் என்று எழுதிய அமெரிக்கப் பாணிக் கருவி தாங்குவது 2,720 கிலோவை. இது பெரிய வித்தியாசமில்லை என்று விடலாம். இரண்டாவது சொல்லை விட முடியாது: 'ஜோடிக்கு'. பல ஸ்டாண்டுகளில் எழுதியிருக்கும் மூன்று டன், இரண்டு ஸ்டாண்டும் சேர்ந்து தாங்கும் அளவு. ஒன்றுக்கு ஒன்றரை டன்தான். ஒரு கையேட்டின் தமிழ்ப் பக்கத்தில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு 'தாங்குதிறன் மூன்று டன்' என்று போட்டிருந்தார்கள். மொழிபெயர்த்தவர் என்னைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஆங்கிலப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனமில்லை.

இனி லிஃப்ட். அண்ணன் ஆசைப்பட்ட இரட்டைத் தூண் லிஃப்ட்டுக்கு எங்கள் போர்ச் இடம் கொடுக்காது. தூணே பன்னிரண்டு அடி வரை போகும். அதற்கு மேல் காரின் கூரை எழும்ப இடம் வேண்டும். கேரளத்து வீட்டுப் போர்ச்சுகள் ஒன்பது, பத்தடி. எடுத்து வைக்கக்கூடிய வகையில் மூன்று மிஞ்சின.

முதலாவது கத்தரி லிஃப்ட். கத்தரிக்கோல் கால்போல் மடிந்து விரியும். நாலடி வரை தூக்கும், ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முழங்கால் வலிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிக்கல் என்னவென்றால் அதன் கால்கள் வண்டியின் நட்டநடு வயிற்றை மறைத்துக்கொள்ளும். பிரேக், டயர் வேலைக்குக் குறையில்லை. கியர்பாக்ஸ், சைலன்சர் என்று போனால் கை நுழையாது. எடுத்து வைக்கலாம் என்பதும் பேச்சுக்குத்தான். பல நூறு கிலோ எடையைக் கைவண்டி மாட்டி உருட்ட வேண்டும், அதற்கும் தரை சமமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, போல்ட் போட்டு நிறுத்தும் குட்டையான இரட்டைத் தூண். வேலை முடிந்ததும் போல்ட்டைக் கழற்றித் தூண்களைச் சுவரோரம் தள்ளிவிடலாம். நாலடி தூக்கும், அடிவயிறும் திறந்திருக்கும். ஆனால் காரின் முழுப் பாரத்தையும் சாய்ந்து விழாமல் பிடித்துக்கொள்வது தரைக்குள் இறங்கிய அந்த நாலைந்து போல்ட்டுகள்தாம். கான்கிரீட் நன்றாக இல்லையென்றால் தூண் வேரோடு வரும். பழைய போர்ச்சில் இதை மாட்டுவது என் பார்வையில் பைத்தியக்காரத்தனம்.

மூன்றாவது இரட்டைச் சட்டம். கட்டில் சட்டம்போல் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணெய் உருளை. காரின் இரு பக்கமும் உள்ளே தள்ளி, தனிப்பெட்டியில் இருக்கும் மோட்டாரை ஓட்டினால் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பும். அரை மீட்டர் அளவுக்குத்தான் தூக்கும். நிற்க முடியாது, உருளும் பலகையில் மல்லாந்து படுத்து உள்ளே போகலாம், டயர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரலாம். வேலை முடிந்ததும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டால் போர்ச் மறுபடி போர்ச்.

இதில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது பூட்டு. மேலே ஏறியதும் இரும்புக்கு இரும்பு பூட்டிக்கொள்ளும் தாங்கு கம்பி இருக்க வேண்டும். எண்ணெய் முழுக்க வடிந்தாலும் சட்டம் இறங்கக் கூடாது. பூட்டு விழுந்த பிறகு கொஞ்சம் இறக்கி, பாரத்தைப் பூட்டின்மேல் உட்காரவைத்த பிறகே அடியில் போக வேண்டும். அடுத்தது நீளம். வண்டியின் அடியில் முன்னும் பின்னும் ஜாக்கி வைக்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். சட்டத்தின் நீளம் அந்த இடைவெளிக்குப் பொருந்த வேண்டும். மாருதி 800இன் முன்பின் சக்கர இடைவெளி 2,175 மி.மீ.; அம்பாசடருக்கு 2,464; இன்னோவாவுக்கு 2,750. குட்டை வண்டிக்கு வாங்கியது நெட்டை வண்டிக்கு எட்டாது. மூன்றாவது, எங்கே முட்டுகிறோம் என்பது. பழைய இன்னோவாவுக்கு ஏணிபோல் தனிச் சேஸி உண்டு, அதில் பாரம் கொடுக்கலாம். ஆல்ட்டோ போன்றவற்றில் உடம்பே சேஸி. கதவுக்குக் கீழே மடிப்புத் தகட்டில் குறித்த இடத்தை விட்டு நாலு விரல் தள்ளி வைத்தால் தகடு மடங்கும். மின்சாரக் கார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அடிவயிறு முழுக்க பாட்டரி. தவறிப்போய் அதில் முட்டுக் கொடுத்தால் வண்டி விலையில் பெரும்பங்கு போய்விடும், தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

எங்கள் பக்கத்துக்கு நான்காவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: துரு. பூவார், பொழியூர் கடல் அதிக தூரத்தில் இல்லை. உப்புக்காற்றும் வருடத்தில் இரண்டு மழைக்காலமும் சேர்ந்து பழைய வண்டியின் அடித்தகட்டை அப்பளமாக்கி வைத்திருக்கும். பார்வைக்குப் பெயின்ட் இருக்கும். ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று வந்தால் இரும்பு, 'சொத்' என்று வந்தால் அங்கே முட்டுக் கொடுக்காதீர்கள். அப்பாவின் அம்பாசடரில் நான்கு இடங்களில் மூன்று 'சொத்'. அதைப் பின்பக்கம் ஆக்சில் அடியில்தான் தூக்க வேண்டும் என்று ஆசான் தீர்ப்புச் சொன்னார்.

இரட்டைச் சட்டம்தான் என்று அண்ணன் முடிவுக்கு வந்த வேளையில்தான் தரையைப் பற்றிய பேச்சு வந்தது. எங்கள் முற்றத்திலும் போர்ச்சிலும் இன்டர்லாக் கட்டை. பத்துப் பதினைந்து வருடமாகக் கேரளத்தில் கொஞ்சம் கையில் காசு வந்த வீடெல்லாம் முற்றத்துக்கு இன்டர்லாக் பதித்துவிட்டது. பார்க்க அழகு, மழைத் தண்ணீரும் இடுக்கில் இறங்கும். அடியில் என்ன இருக்கிறது? மணல் அல்லது கல்பொடி. அதற்கும் அடியில் வீடு கட்டும்போது கொட்டி நிரப்பிய மண். சக்கரம் உருள்வதற்கு அது போதும். ஒரே புள்ளியில் ஊன்றினால் கட்டை புதையும், பக்கத்துக் கட்டை எழும்பும்.

அப்பாவின் இரவை நான் கணக்குப் போட்டுப் பார்த்தது அப்போதுதான். அம்பாசடர் ஏறத்தாழ 1,150 கிலோ. ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் உத்தேசமாக 300 கிலோ வரும். ஜாக்கியின் அடித்தட்டு பத்துக்கு எட்டு செ.மீ. என்றால் 80 சதுர செ.மீ. அதாவது ஒரு சதுர செ.மீ. மண்ணின்மேல் கிட்டத்தட்ட நாலு கிலோ. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமே அதில் பாதிதான். ஊறிய செம்மண் எப்படித் தாங்கும்? ஓரடிச் சதுரப் பலகை ஒன்றை ஜாக்கிக்கு அடியில் வைத்திருந்தால் அதே 300 கிலோ 900 சதுர செ.மீ.க்குப் பரவி, மூன்றில் ஒரு பங்கு கிலோவாகக் குறைந்திருக்கும். ஒரு பலகைத் துண்டு. டிக்கியில் தேங்காய் மூட்டைக்கு அடியில் போட்டுவைக்கலாம். மண் சதித்தது என்று அவர் சொன்னதை நாங்கள் விதியைப் பற்றிய புலம்பல் என்றே எடுத்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கணக்கை அண்ணனிடம் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் போர்ச்சில் இன்டர்லாக்கைப் பெயர்க்க ஆள் கூட்டிவந்தான்.

நிரப்பு மண்ணைத் தோண்டி, உடைகல் போட்டு இடித்து, ஆறங்குல கனத்துக்குக் கம்பி கட்டி எம்-20 கான்கிரீட் போடச் சொன்னான். மேஸ்திரிக்குச் சிரிப்பு: "கார் நிக்கதுக்கா, லாரி நிக்கதுக்கா?" தண்ணீர் வடிவதற்காகப் போர்ச் தரையைச் சரித்துக் கட்டுவது வழக்கம். காரைத் தூக்கும் தரைக்குச் சரிவு ஆகாது. அதனால் வண்டி நிற்கும் நீளத்துக்கு மட்டம், அதற்கப்பால் சரிவு என்று வகுத்தார்கள். கான்கிரீட் முழு வலு அடைய 28 நாள். இருபதாம் நாளே லிஃப்ட்டை இறக்கிவிடலாம் என்று கடையில் அவசரப்படுத்தினார்கள். ஒத்துக்கொள்ளவில்லை.

மின்சாரத்துக்கும் ஒரு நாள் போயிற்று. இரண்டு கிலோவாட்டைச் சுற்றியுள்ள மோட்டார் என்றால் சாதாரண ஐந்து ஆம்பியர் பிளக் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக், தனி ஒயர், சரியான எர்த் வேண்டும். கிளம்பும் நொடியில் மோட்டார் பல மடங்கு கரண்டை இழுக்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் தாழ்ந்திருந்தால் முனகிக்கொண்டு சூடாகும். பெரிய பட்டறைகளுக்கான லிஃப்ட்டுகளில் பல மூன்று ஃபேஸ் கேட்பவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று செகண்ட்ஹாண்டில் ஒன்றை வாங்கிவிட்டு வீட்டில் ஒற்றை ஃபேஸ் மட்டுமே இருப்பதைப் பிறகு உணர்ந்தவர் எங்கள் தெருவிலேயே உண்டு. அது இப்போது துணி காயப்போடப் பயன்படுகிறது. கார் பாட்டரியிலேயே ஓடும் 12 வோல்ட் மோட்டார் உள்ள வகையும் வருகிறது; பவர்கட் நேரத்தில் கார் பாதி உயரத்தில் தொங்காது. எதுவானாலும் கரண்ட் இல்லாதபோது கையால் இறக்க வழி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும் இடம் எது? ஒரு காலத்தில் இது பெரிய பிரச்சினை. தமிழகத்திலிருந்து ஓர் இயந்திரம் கொண்டுவந்தால் அமரவிளை சோதனைச் சாவடியில் பில்லைக் காட்டி நிற்க வேண்டும். 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்ததும் அந்த வரிச் சோதனைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கோவையில் ஏ.டி.எஸ். எல்ஜி போன்ற நிறுவனங்கள் பட்டறைகளுக்கான லிஃப்ட்டுகளைச் செய்கின்றன. வீட்டுக்கான இரட்டைச் சட்ட வகையில் வெளிநாட்டுச் சரக்குதான் அதிகம் கண்ணில் பட்டது. ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் ஆயிரங்களில் முடியும். லிஃப்ட் என்றால் இலட்சத்தை நெருங்கும், தாண்டவும் செய்யும். நாங்கள் விலையைவிட அதிகம் விசாரித்தது ஒரே ஒரு விஷயத்தை: இரண்டு வருடம் கழித்து எண்ணெய் கசிந்தால் அந்த ரப்பர் வளையம் எங்கே கிடைக்கும்? நான்கு கடைகளில் மூன்று கடைக்காரர்கள் பேச்சை மாற்றினார்கள். நான்காமவர் அலமாரியைத் திறந்து வளையத்தை எடுத்துக் காட்டினார். அவரிடமே வாங்கினோம். ஐரோப்பியத் தரமான இ.என். 1493 என்ற எண்ணைச் சான்றிதழில் தேடிப் பார்த்தேன், இருந்தது. வண்டி லிஃப்ட்டுகளுக்கான தரம் அது. ஜாக்கிகளுக்கு வேறு எண், 1494.

எல்லோரும் இலட்ச ரூபாய் லிஃப்ட் வாங்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வருடத்தில் இரண்டு தடவை ஆயில் மாற்றவும் டயரைச் சுழற்றி மாட்டவும் ஆசைப்படுகிறவருக்கு நல்ல டிராலி ஜாக்கி ஒன்று, ஸ்டாண்ட் இரண்டு ஜோடி, சக்கரத்துக்கு அடை கொடுக்க மரக்கட்டை, கெட்டியான தரை போதும். சக்கர நட்டைக் கார் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு நெம்பினால் வண்டி ஆடும். ஸ்டாண்டில் இறக்கியதும் ஒரு தடவை கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும். அண்ணனைப் போல முழங்கால் போனவர், மூன்று வண்டி வைத்திருப்பவர், வாரம் தவறாமல் அடியில் புகுகிறவர் — இவர்களுக்கு லிஃப்ட் ஆடம்பரம் இல்லை. அடுத்த வீட்டு வண்டியையும் காசுக்குப் பார்க்கத் தொடங்கினால் அது பட்டறை; உள்ளாட்சி லைசென்ஸ் வேண்டும். வடித்த ஆயிலை வாழைக்குழியில் ஊற்றுகிற பழக்கமும் நிற்க வேண்டும். எங்கள் ஊரில் போர்ச்சிலிருந்து பத்தடி தள்ளி எல்லா வீட்டிலும் கிணறு இருக்கிறது. பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. டின்னில் பிடித்துவைத்தால் எடுத்துப்போக ஆள் வருகிறார்கள்.

28 நாளுக்கு மேல் ஒரு வாரமும் கழிந்து, மிதுன மாத மழை ஒருநாள் விட்டிருந்தபோது முதலில் ஆல்ட்டோவைத் தூக்கினோம். ஆசானையும் கூப்பிட்டிருந்தோம், நாற்காலி போட்டுத் தூர உட்கார்ந்தார். அண்ணன் சட்டங்களை உள்ளே தள்ளி, ரப்பர்க் கட்டைகளை மடிப்புத் தகட்டுக்குக் கீழே பொருத்தி, நான்கு மூலையையும் குனிந்து பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். ஓர் அங்குலம் எழும்பியதும் நிறுத்தி மறுபடி சுற்றிவந்து பார்த்தான். பிறகு மேலே. பூட்டு இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக 'கிளிக்' என்று விழுந்தன. தோளால் வண்டியை முட்டித் தள்ளினான். அசையவில்லை. ஆசான் எழுந்து வந்து பூட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்நேரம் அம்மா பின்முற்றத்திலிருந்து ஒரு வெட்டுக்கல் துண்டை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு வந்தாள். அப்பா இருந்தவரை எந்த வண்டி நின்றாலும் பின்சக்கரத்துக்கு அவள்தான் கல் வைப்பாள்.

"அம்மா, நாலு சக்கரமும் காத்தில நிக்குது. கல்லை எங்க வைக்க?" என்றான் அண்ணன்.

அம்மா குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே ஒன்றரை அடி வெளிச்சம். கல்லை அந்தச் சக்கரத்துக்கு நேர் கீழே வைத்துவிட்டு, "கெடக்கட்டு மக்களே, எறங்கும்போ வேணுமே" என்று சொல்லி உள்ளே போனாள்.